உயிரைக் காத்துக்கொண்டவர் மீது ஒரு வழக்கு

2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், திருநெல்வேலி மாவட்டத்தில் கடையத்தை அடுத்த கல்யாணிபுரத்தில், தோட்டத்து வீடு ஒன்றின் வாசலில் இரவு நேரத்தில் ஓய்வாக உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவரின் கழுத்தை முகமூடிக் கொள்ளைக்காரன் ஒருவன் பின்புறமாக வந்து துணியால் இறுக்க, சத்தம் கேட்டு உள்ளிருந்து ஓடிவந்த அவருடைய மனைவி கைக்கு அகப்பட்டதையெல்லாம் எடுத்து வீச, பிடி தளர்ந்ததும் கணவரும் எழுந்து நின்று பிளாஸ்டிக் நாற்காலியையே ஆயுதமாகக் கொள்ள, அரிவாளோடு வந்த இருவரை அந்தத் தம்பதியர் அடித்து விரட்டிய காட்சி வீட்டுக் காமிராவில் பதிவாகி நாடு முழுவதும் பார்க்கப்பட்டது. சில தினங்களுக்குள் சுதந்திர தின விழாவில் தமிழக அரசு அவர்களுடைய வீரத்துக்கு விருது வழங்கியது. தகுதியானவர்களைச் சென்றடைந்த கௌரவம் அது. அதைப்பற்றி இரண்டு அபிப்பிராயம் இருக்க நியாயமில்லை.

ஆனால் அந்த விழாவின் கரகோஷத்தினிடையே கேட்கப்படாமல் போன கேள்வி ஒன்று உண்டு. வீசப்பட்ட நாற்காலியின் கால் அந்தத் திருடர்களில் ஒருவனுடைய நெற்றிப்பொட்டில் பட்டு, அவன் அங்கேயே பிராணனை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதியவர்கள் செய்த காரியம் அணுவளவும் மாறியிராது; அவர்களுடைய எண்ணம் மாறியிராது; அவர்களுக்கு நேர்ந்த அபாயமும் குறைந்திராது. ஆயினும் அதே காவல் நிலையத்தில் அவர்களே எதிரிகளாகக் குறிக்கப்பட்டு ஒரு முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருக்கவும், விருது வாங்கச் சென்னைக்குப் பயணப்பட்டவர்கள் ஜாமீன் வாங்க வக்கீலைத் தேடிப் பயணப்பட்டிருக்கவும் கூடும். விருதுக்கும் சிறைக்கும் இடையே இருந்த தூரம், அந்தத் திருடனுடைய மண்டையோட்டின் உறுதியைப் பொறுத்ததாகவே இருந்திருக்கும். தாக்க வருகிறவனிடமிருந்து தன் உயிரைக் காத்துக்கொள்ளும் மனிதனைச் சட்டம் நியாயமாக நடத்துகிறதா என்ற வினாவுக்கு என்னுடைய விடை இதுதான்: சட்டப் புத்தகம் நியாயமாகவே நடத்துகிறது, சொல்லப்போனால் தாராளமாகவும் நடத்துகிறது, அந்தப் புத்தகத்தை நீதிபதி திறந்து படிக்கும் நாள் வரும் வரையில் அந்த மனிதனை இழுத்துக்கொண்டு போகிற யந்திரமே அநியாயம் செய்கிறது.

இந்த உரிமையை நமக்கு எழுதிக் கொடுத்தவர் யார் என்பதை நினைத்தால் சற்றே வேடிக்கையாக இருக்கும். 1834-ஆம் ஆண்டு சென்னைத் துறையில் கரையிறங்கிப் பல்லக்கில் ஏறி நீலகிரிக்குப் போய்க் கவர்னர் ஜெனரலைக் கண்ட தாமஸ் மெக்காலே, நம்முடைய சாஸ்திரங்களையும் இலக்கியங்களையும் பற்றிச் சொன்ன அலட்சியமான வார்த்தைகளுக்காக இன்றளவும் வசைபாடப்படுகிறவர். அவருடைய தலைமையில் அமைந்த சட்டக் கமிஷன் 1837-இல் தண்டனைச் சட்டத்தின் நகலைத் தயாரித்தபோது, தற்காப்பு உரிமையைப் பற்றி ஒரு விளக்கக் குறிப்பையும் சேர்த்து எழுதியது. கொள்ளைக் கூட்டங்களும் ரௌடிக் கும்பல்களும் செய்கிற கொடுமைகளை இந்நாட்டு ஜனங்கள் எதிர்ப்பின்றிப் பொறுத்துக்கொண்டு போவது சமூகத்தின் நிலைமையைக் காட்டும் கவலைக்குரிய அடையாளம் என்றும், ஆகையால் தற்காப்புக்கு மேலும் மேலும் தடைகளை விதிப்பதைக் காட்டிலும் ஜனங்களிடையே தைரியத்தைத் தூண்டுவதையே தாங்கள் விரும்புவதாகவும் அக்குறிப்பின் கருத்து அமைந்திருந்தது. ஆளப்படுகிறவர்கள் திருப்பி அடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆளுகிறவர்கள் சட்டமெழுதியது சரித்திரத்தில் அபூர்வம்; அந்தத் தைரியம் தங்கள் மீதே திரும்பக்கூடும் என்று அவர்கள் யோசித்தார்களோ இல்லையோ, நகல் 1860-இல் சட்டமாகி 1862 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தது. 96 முதல் 106 வரையில் இருந்த அதன் தற்காப்புப் பிரிவுகள் ஏறக்குறைய அதே வாசகத்தோடு இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளாக வாழ்கின்றன.

அந்தப் பிரிவுகள் சொல்வது என்ன? தற்காப்பு உரிமையைப் பிரயோகித்துச் செய்யப்படும் எதுவும் குற்றமே ஆகாது என்று முதற்பிரிவு ஒரே வரியில் தீர்த்துவிடுகிறது. தன் தேகத்தை மட்டுமன்றிப் பிறர் தேகத்தையும், தன் சொத்தையும் பிறர் சொத்தையும் காக்க எந்தப் பிரஜைக்கும் உரிமை உண்டு என்று அடுத்தது கூறுகிறது. பக்கத்து வீட்டுக் குழந்தையைக் காக்கப் பாய்ந்தவனும் இதில் அடக்கம். மரணத்தையோ கொடுங்காயத்தையோ நியாயமாக அஞ்சவைக்கும் தாக்குதல், கற்பழிப்பு, ஆட்கடத்தல், அதிகாரிகளின் உதவியை நாட முடியாதபடி அடைத்துவைத்தல் ஆகியவற்றை எதிர்க்கும்போது தாக்குகிறவனுடைய உயிரையே போக்கவும் அனுமதி உண்டு. 2013-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் திராவகம் வீசுகிறவனும் இந்த வரிசையில் சேர்க்கப்பட்டான். வழிப்பறி, இரவில் கன்னமிடுதல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தல் ஆகியவற்றுக்கு எதிராகச் சொத்தைக் காக்கும்போதும் அந்த எல்லை வரையில் போகலாம். நிபந்தனைகள் இரண்டே முக்கியமானவை: அரசாங்கத்தின் பாதுகாப்பை நாட அவகாசம் இருக்கும்போது உரிமை இல்லை, காத்துக்கொள்ளத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யலாகாது. அடி விழுந்த பிறகுதான் கையை ஓங்கவேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. அபாயம் வந்துவிட்டது என்ற நியாயமான அச்சம் தோன்றிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது, அந்த அச்சம் நீங்கும் வரையில் நீடிக்கிறது. நல்ல நம்பிக்கையோடு எல்லையைத் தாண்டிவிட்டவனைக்கூடச் சட்டம் கொலைகாரனாக்குவதில்லை. குற்றத்தின் தரத்தைக் குறைத்துவிடுகிறது. இதைக் காட்டிலும் விவேகமான ஏற்பாட்டை மற்ற நாடுகளின் சட்டங்களில் தேடிக் கண்டுபிடிப்பது எளிதன்று.

உச்ச நீதிமன்றமும் இந்த விஷயத்தில் கஞ்சத்தனம் காட்டியதில்லை. 1950-ஆம் ஆண்டு மார்ச் மாதம், பிரிவினையின் ரணம் ஆறாத காலத்தில், மத்தியப் பிரதேசத்துக் கட்னி நகரில் வகுப்புக் கலவரம் மூண்டபோது, பக்கத்துக் கடையைச் சூறையாடிவிட்டுத் தன் கடைக் கதவையும் தடிகளால் மோத ஆரம்பித்த கும்பலைப் பார்த்து, உள்ளே குடும்பத்தோடு இருந்த அம்ஜத் கான் என்பவர் துப்பாக்கியால் இருமுறை சுட்டார். ஒருவர் இறந்தார், சிலர் காயமுற்றனர். செஷன்ஸ் கோர்ட்டு அவருக்குத் தீவாந்தர சிட்சை விதித்தது. ஹைகோர்ட்டும் அதை உறுதிசெய்தது. கும்பல் இன்னும் அவருடைய கடைக்குள் புகவில்லையே என்பது கீழ்க் கோர்ட்டுகளின் வாதம். 1952-இல் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது நீதிபதி விவியன் போஸ் அந்த வாதத்தை ஏற்கவில்லை. கதவு உடைந்து, கும்பல் உள்ளே வந்து, முதல் வெட்டு விழும் வரையில் காத்திருந்தால் அப்புறம் காப்பதற்கு யார் மிஞ்சுவார்கள் என்ற பாமர விவேகமே அந்தத் தீர்ப்பின் உயிர்நாடி. இப்படிப்பட்ட சந்தர்ப்பங்களை நுண்ணிய தராசில் வைத்து நிறுக்கலாகாது என்ற அதன் கருத்து பிற்காலத் தீர்ப்புகள் பலவற்றில் எடுத்தாளப்பட்டது. அம்ஜத் கான் விடுதலையானார்.

தாராளம் என்றால் கண்மூடித்தனம் என்று பொருளாகிவிடாது. பத்தாண்டு கழித்து, 1962-ஆம் ஆண்டின் ஜெய்தேவ் வழக்கில், நிலத் தகராறில் திரண்டு வந்த எதிர்த் தரப்பார் திரும்பி ஓடத் தொடங்கிய பின்பும் அவர்களைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தியவர்களுக்கு அதே உச்ச நீதிமன்றம் தற்காப்பின் நிழலைத் தர மறுத்துவிட்டது. முதுகைக் காட்டி ஓடுகிறவனிடமிருந்து அபாயம் நீங்கிவிட்டது. அதற்குப் பின் நடப்பது பழிவாங்கல். இந்த இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கிறவருக்கு, உரிமை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அறிய வேறு பாஷ்யம் வேண்டியதில்லை. 1967-இல் முன்ஷி ராம் வழக்கில், இவ்வுரிமை ஒரு சமூகப் பிரயோஜனத்தை நிறைவேற்றுகிறதாகையால் அதற்குத் தாராளமாகவே பொருள் கொள்ள வேண்டும் என்றும், எதிரி அதை வாயால் கோராமற் போனாலும் சாட்சியத்திலிருந்து அது புலப்பட்டால் கோர்ட்டு தானாகவே அதன் பலனை அவனுக்குத் தரலாம் என்றும் தீர்ப்பாயிற்று.

இவ்வளவு நல்ல சித்தாந்தம் இருந்தும் குறை எங்கே இருக்கிறது என்பதற்குத் தர்ஷன் சிங் வழக்கு ஒன்றே போதும். தற்காப்பு பற்றிய பத்துக் கோட்பாடுகளை வரிசைப்படுத்தித் தந்ததாக வக்கீல்கள் அடிக்கடி மேற்கோள் காட்டும் அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் வழங்கியது 2010 ஜனவரியில். பஞ்சாப் கிராமத்து வயல் ஒன்றில் தன் தந்தையைத் தாக்கியவனை அந்த இளைஞர் சுட்ட சம்பவம் நடந்தது 1991 ஜூலையில். விசாரணைக் கோர்ட்டு அவரை விடுவித்தது; ஹைகோர்ட்டு அதை ரத்துசெய்து தண்டித்தது; உச்ச நீதிமன்றம் மறுபடியும் விடுவித்தது. வெட்டு விழும் நிமிஷத்தில் எடுத்த தீர்மானம் சரிதான் என்று தேசத்தின் உச்ச நியாயஸ்தலம் கூறுவதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தீர்ப்பிலுள்ள பத்துக் கோட்பாடுகளும் சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு உபயோகமானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றுக்கு விலையாக ஒருவருடைய வாலிபம் செலவாகிவிட்டது.

வழக்கு நடைபெறும் கிரமத்தைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஒருவன் இறந்துகிடக்கிறான்; அடித்தவர் யார் என்பது தெரிகிறது, பல சமயம் அவரே காவல் நிலையத்துக்கு நடந்து வந்து சொல்லியும்விடுகிறார். உடனே கொலைப் பிரிவில் வழக்குப் பதிவு, இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னிலையில் ஆஜர், பதினைந்து நாள் ரிமாண்டு, அதன் நீட்டிப்பு, தொண்ணூறு நாளைக்குள் குற்றப்பத்திரிகை, பிறகு செஷன்ஸ் கோர்ட்டில் எண் வாங்கி முறை வருவதற்கான காத்திருப்பு. தற்காப்பா இல்லையா என்பதை நாங்கள் எப்படித் தீர்மானிக்க முடியும், அது கோர்ட்டின் வேலையல்லவா என்று போலீஸ் அதிகாரி சொல்வார். நல்ல எண்ணத்தோடும் அவர் அதைச் சொல்லக்கூடும். ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பழைய தண்டனைச் சட்டத்தின் 6-ஆவது பிரிவிலும், இப்போது நியாய சன்ஹிதாவின் 3-ஆவது பிரிவின் முதல் உட்பிரிவிலும் பலர் கண்ணில் படாத ஒரு விதி இருக்கிறது: குற்றங்களின் இலக்கணம் ஒவ்வொன்றையும் பொது விதிவிலக்குகளுக்கு உட்பட்டதாகவே படிக்க வேண்டும் என்பது அது. அதாவது, கொலையின் இலக்கணத்துக்குள்ளேயே தற்காப்பில் நிகழ்ந்த மரணம் கொலையாகாது என்பதும் பொதிந்திருக்கிறது. இந்த விதிக்குச் சட்டம் தரும் உதாரணங்களில் ஒன்று, வாரண்டு இல்லாமலே கொலையாளி ஒருவனைக் கைதுசெய்கிற போலீஸ் அதிகாரி சட்டவிரோதச் சிறைவைப்பு என்ற குற்றத்தைச் செய்தவராகமாட்டார் என்பது. தம்முடைய கைதுக்கு எந்த விதிவிலக்கின் பலனை அந்த அதிகாரி யோசனையின்றி எடுத்துக்கொள்கிறாரோ, அதே அத்தியாயத்தின் பலனைத் தம்முன் கைகட்டி நிற்பவருக்குத் தரும்போது மட்டும் அது கோர்ட்டின் வேலை என்று தயங்குகிறார்.

தயங்காதவர்களும் இருந்திருக்கிறார்கள். 2012-இல் மதுரையில், குடிபோதையில் பெற்ற மகளிடமே முறைகேடாக நடக்க முயன்ற கணவனைக் கிரிக்கெட் மட்டையால் அடித்ததில் அவன் இறந்துபோக, அந்தத் தாயை அப்போதைய காவல் கண்காணிப்பாளர் அஸ்ரா கர்க் பழைய தண்டனைச் சட்டத்தின் நூறாவது பிரிவின் பாதுகாப்புக்கு உரியவராகக் கருதி விடுவித்தார். 2021-ஆம் ஆண்டு ஜனவரியில் திருவள்ளூர் மாவட்டம் சோழவரத்தில், கத்தி முனையில் தன்னைப் பலாத்காரம் செய்ய வந்தவனிடமிருந்து அந்தக் கத்தியையே பறித்து அவனைக் குத்திவிட்டுத் தானே காவல் நிலையத்துக்குச் சென்ற பத்தொன்பது வயதுப் பெண்ணையும் அம்மாவட்டப் போலீஸார் தற்காப்பென்று ஏற்று விடுவித்தனர். நீதிபதியின் ஆசனத்தில் போலீஸ் உட்காரலாமா என்று கேட்கிறவர்கள், புலன்விசாரணையில் குற்றத்துக்குப் போதிய சாட்சியம் இல்லையென்று கண்டால் எதிரியை விடுவிக்கும் அதிகாரம் விசாரணை அதிகாரிக்கு நெடுங்காலமாகவே இருந்துவருகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். அவர் அறிக்கையை மாஜிஸ்திரேட் ஏற்காமல் மறுக்கலாம், இறந்தவனுடைய உறவினர் ஆட்சேபிக்கலாம், அதற்கெல்லாம் வழி இருக்கிறது. எனக்குள்ள வருத்தம் வேறு. இவ்விரண்டு பெண்களுக்கும் கிடைத்தது அவரவர் மாவட்டத்தில் அன்றைக்கு யார் அதிகாரியாக இருந்தார் என்ற யோகத்தைப் பொறுத்துக் கிடைத்தது. பத்து மைல் தள்ளிப் பக்கத்து மாவட்டத்தில் அது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாதிருப்பதுதான் அநீதி.

கோர்ட்டுக்குள் நுழைந்த பின்பு வேறொரு சங்கடம் காத்திருக்கிறது. செய்தது தற்காப்பு என்று நிரூபிக்கும் பொறுப்பை எதிரியின் தலையிலேயே சாட்சியச் சட்டம் வைக்கிறது. அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதைப் போல் அவர் நிரூபிக்க வேண்டியதில்லை, அப்படி நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என்று உயர் கோர்ட்டுகள் சலுகை காட்டியிருக்கின்றன. ஆயினும் அனுபவமுள்ள கிரிமினல் வக்கீலிடம் போகிறவருக்கு முதலில் கிடைக்கும் யோசனை, எதையும் ஒப்புக்கொள்ளாதே என்பதுதான். நான்தான் அடித்தேன், என்னைக் காத்துக்கொள்ளத்தான் அடித்தேன் என்று சொன்னால், முற்பாதியை அரசுத் தரப்பு பொன்னேபோல் போற்றி வைத்துக்கொண்டு பிற்பாதியை மட்டும் நிரூபிக்கச் சொல்லும் என்ற பயம். ஆகவே உண்மையாகவே தற்காத்துக்கொண்டவர்களும், சம்பவ இடத்தில் தாம் இல்லவேயில்லை என்று சாதிக்கிறார்கள். நீதிபதி கேள்வி கேட்கும் கட்டத்தில் எல்லாம் பொய் என்று ஒரே பதிலைச் சொல்லிவிட்டு, மேல்முறையீட்டில் தற்காப்பைத் தேடுகிறார்கள். அப்போது அவர்கள் உடம்பிலிருந்த காயங்களுக்கு ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறதோ அதுவே மிஞ்சும் சாட்சி. உண்மையைச் சொல்கிறவன் பொய்யனைவிட அதிக ஆபத்தில் சிக்கும்படி ஒரு முறையை வைத்துக்கொண்டு, தற்காப்புக் கோரிக்கைகளில் பல பொய்யாக இருக்கின்றனவே என்று நீதிபதிகள் வியப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

வாக்கியங்களில்கூடச் சட்டம் சரிவரக் கண்டுகொள்ளாத ஒரு வகை உண்டென்றால், அது வீட்டுக்குள்ளே நடக்கும் வன்முறை. மெக்காலே கமிஷனார் மனத்தில் கண்ட ஆபத்து நள்ளிரவில் தீப்பந்தத்தோடு வருகிற கொள்ளைக்காரன். அவன் வருவான், போவான். தாலி கட்டிய உரிமையில் ஒவ்வோர் இரவும் வருகிறவனுக்கு அந்தப் பிரிவுகளில் இடமில்லை. பத்தாண்டு உதைபட்ட பெண், இன்றிரவு அவன் சொன்ன வார்த்தையிலிருந்து நாளை தான் உயிரோடிருக்கமாட்டோம் என்பதை அனுபவத்தால் அறிகிறாள். அந்த அறிவை, அவளோடு வாழாத ஒரு விவேகியின் நியாயமான அச்சம் என்ற அளவுகோலால் கோர்ட்டு அளக்கிறது. பலத்தில் தன்னைவிடப் பன்மடங்கு மேலானவனை அவன் விழிப்போடு கையை ஓங்கி நிற்கும்போது எதிர்க்க அவளால் இயலாது. அவன் அசந்த நேரத்தில் எதிர்த்தாலோ உடனடி அபாயம் இல்லையே என்று சட்டம் கேட்கும். சென்னை ஹைகோர்ட்டு 1989-ஆம் ஆண்டின் சுயம்புக்கனி வழக்கில், குழந்தைகளோடு கிணற்றில் குதித்துத் தான் மட்டும் பிழைத்த தாயின் துயரத்துக்கு நல்லதங்காளின் பெயரையே இட்டு, ஆத்திரமூட்டல் என்பது ஒரு நொடியில் மட்டும் நேர்வதன்று, பல காலம் சேர்ந்து திரள்வதும் உண்டு என்று ஏற்றுக்கொண்டது. நம் பெண்கள் கதையாகக் கேட்டழுத ஒரு வாழ்க்கையைச் சட்டத்துக்குள் கொண்டுவந்த அந்தத் தீர்ப்பு போற்றத்தக்கது. 2013-இல் கவுகாத்தி ஹைகோர்ட்டும், அடித்துத் துன்புறுத்தி வந்த கணவனைத் திருப்பித் தாக்கியதில் அவன் இறந்த வழக்கில், தொடர்ந்து வதைபட்ட மனைவியின் மனநிலையைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. ஆனால் இவையெல்லாம் தண்டனையைக் குறைக்கும் கருணையாக நின்றுவிட்டன. நீ செய்தது குற்றம்தான், ஆனாலும் பாவம் என்பது ஒன்று. உனக்கு அந்த உரிமை இருந்தது என்பது வேறு. முன்னதைக் கொடுத்துப் பின்னதை மறுக்கிற நிலையிலேயே நம் நியாயஸ்தலங்கள் இருக்கின்றன.

இந்த உரிமையை ஒரே இடத்தில் மட்டும் தாராளமாக, கேள்வியே இல்லாமல் வழங்கக் காண்கிறோம். தேடப்பட்ட ரௌடி போலீஸாரைத் தாக்க முயன்றதாகவும், தற்காப்புக்காகச் சுட்டதில் அவன் இறந்ததாகவும் ஒரு செய்தி வருகிறது. அன்று மாலையே தற்காப்பு என்பது அத்தாட்சி பெற்ற உண்மைபோல் அச்சாகிவிடுகிறது. சுட்டவர் ரிமாண்டுக்குப் போவதில்லை. நிரூபிக்கும் பொறுப்பு அவர் தலையில் ஏறியதாகவும் தெரிவதில்லை. இந்தத் தாரதம்மியத்தைக் கண்டுதான் 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், போலீஸாரின் துப்பாக்கிச் சூட்டில் மரணம் நேர்ந்தால் வழக்குப் பதிவு செய்தே தீரவேண்டும், சம்பந்தப்பட்டவர்களல்லாத வேறு போலீஸ் குழுவோ சி.ஐ.டி.யோ புலன்விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை நடைபெற வேண்டும், சம்பவம் நடந்த சூட்டோடு வீரப் பதக்கமோ பதவி உயர்வோ அளிக்கக்கூடாது என்றெல்லாம் நெறிமுறை வகுத்தது. ஆயுதமும் பயிற்சியும் துணைக்கு ஆளும் உள்ள ஒருவருடைய தற்காப்பைக் கடுமையாகவும், தோசைக் கரண்டியோ உலக்கையோ கையில் கிடைத்த ஒருத்தியின் தற்காப்பைச் சற்று இளகிய மனத்தோடும் பரிசீலிப்பதுதான் இயற்கை நியாயம். நடைமுறையில் இது தலைகீழாக நிற்கிறது.

இதற்குப் பரிகாரமாக அமெரிக்காவைப் பின்பற்றச் சொல்கிறவர்கள் நம்மிடையே உண்டு. புளோரிடா மாகாணம் 2005-இல் இயற்றிய சட்டம், பொது இடத்திலும் பின்வாங்கும் கடமை எவருக்கும் இல்லை என்று கூறி, வழக்கிலிருந்தே விலக்கும் அளித்தது. வீட்டுக்கு வீடு துப்பாக்கி உள்ள தேசத்தில் அது யாருக்குத் தைரியம் கொடுத்தது என்பதை உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது. இங்கிலாந்து 2013-இல் நிதானமாகவே போயிற்று: வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்தவனை எதிர்ப்பவர் அளவு சற்று மீறிவிட்டாலும் மன்னிக்கப்படுவார், மிதமிஞ்சிய மீறலுக்கே பொறுப்பாவார். நம் சட்டம் இவ்விரண்டையும் பார்த்து நாணவேண்டியதில்லை. அகிம்சையின் ஆசாரியரான காந்தியடிகளே, 1908-இல் ஜோகன்ஸ்பர்க்கில் தாம் தாக்கப்பட்ட சமயத்தில் மகன் உடனிருந்தால் என்ன செய்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு, ஓடிப்போவதைக் காட்டிலும் பலத்தைப் பிரயோகித்தாவது தந்தையைக் காப்பதே கடமை என்று விடையளித்தவர். உரிமையைப் பற்றி இந்நாட்டில் தர்க்கம் இல்லை. அதைப் பெறும் வழியில்தான் முள்.

கிராமத்து மோதல்களில் அந்த முள் இன்னும் கூர்மையாகிறது. இரண்டு தரப்பிலும் அடிபட்டவர்கள் இருப்பார்கள். இரண்டு தரப்பும் தற்காப்பென்றே சொல்லும். வசதியும் ஜாதிச் செல்வாக்கும் உள்ள தரப்பின் புகார் வழக்காகும், மற்றவருடையது எதிர் வழக்காகும், சில வேளைகளில் அதுவும் ஆகாது. இத்தகைய நிலைமைக்காகவே நம் மாநிலப் போலீஸ் நிலையாணைகளில் 588-ஏ என்ற பழைய எண்ணால் வக்கீல்கள் இன்றும் குறிப்பிடும் ஆணை ஒன்று இருக்கிறது. ஒரே சம்பவத்தைப் பற்றி இரு புகார்கள் வந்தால் ஒரே அதிகாரி இரண்டையும் விசாரித்து, தாக்குதலைத் தொடங்கியவர் எவர் என்று முடிவுகட்டி, அந்த ஒரு வழக்கையே நடத்த வேண்டும் என்பது அதன் நோக்கம். நடைமுறையில் பல அதிகாரிகள் இரண்டிலும் குற்றப்பத்திரிகை கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்கிறார்கள். நடுநிலைமை என்று அதற்குப் பெயர். வெட்டியவனையும் தடுத்தவனையும் ஒரே கூண்டில் ஏற்றுவது எந்த விதத்தில் நடுநிலைமையாகும்?

2023-இல் தண்டனைச் சட்டத்தை முற்றிலும் புதுப்பிக்கிறோம் என்று புறப்பட்ட நாடாளுமன்றம், இரவில் வீடு புகுதல் என்றிருந்ததைச் சூரிய அஸ்தமனத்துக்குப் பின்னும் உதயத்துக்கு முன்னும் என்று சிரத்தையோடு மாற்றி எழுதிற்று. அந்த அஸ்தமனத்துக்குப் பின் காவல் நிலையத்தில் என்ன நடக்க வேண்டும் என்பதைப் பற்றி ஒரு வரியும் சேர்க்கவில்லை. கைதுசெய்யும் அதிகாரம் இருப்பது வேறு, அதைப் பிரயோகிக்க நியாயம் இருப்பது வேறு என்று 1994-இல் ஜோகிந்தர் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கொலை வழக்கிலும் கைது என்பது கட்டாயமன்று. பெண்களுக்கும் நோயாளிகளுக்கும் தளர்ந்தவர்களுக்கும் கொடிய குற்றச்சாட்டிலும் மாஜிஸ்திரேட்டே ஜாமீன் தரலாம் என்று நடைமுறைச் சட்டம் இடம் வைத்திருக்கிறது. ஆகவே புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது அதிகமில்லை. மரணமோ கொடுங்காயமோ நேர்ந்த வழக்கில் தற்காப்பின் அறிகுறி தென்பட்டால், டி.எஸ்.பி. தரத்துக்குக் குறையாத அதிகாரி ஒருவர் சில நாட்களுக்குள் அதை விசாரித்துக் காரணங்களை எழுத்தில் வைக்க வேண்டும். அதுவரையில், தப்பியோடக் கூடியவர் என்று நினைக்க முகாந்திரம் இல்லாதவரைக் கைதுசெய்யலாகாது. எதிரியின் உடம்பிலுள்ள ஒவ்வொரு காயத்தையும் அன்றைக்கே டாக்டர் பதிந்தாக வேண்டும். அதிகாரி விடுவிக்கத் தீர்மானித்தால் அந்த அறிக்கையின் நகல் இறந்தவனுடைய குடும்பத்துக்கும் போய்ச்சேர வேண்டும், அவர்களும் மாஜிஸ்திரேட்டிடம் முறையிட வேண்டுமே. வீட்டு வன்முறைக்கு உள்ளான பெண்ணின் விஷயத்தில் பழைய புகார்களும் ஆஸ்பத்திரிச் சீட்டுகளும் அந்த விசாரணையிலேயே சேர்க்கப்பட வேண்டும். லஞ்சத்துக்கும் சிபாரிசுக்கும் இது வழிதிறக்காதா என்பார்கள். எழுத்தில் காரணம் கேட்காத இன்றைய முறையைவிட அதிகமாகத் திறக்காது. இவற்றுக்காக டில்லியில் மசோதா வரும் வரையில் காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. 588-ஏ எப்படி வந்ததோ அப்படியே, அரசின் சம்மதத்தோடு காவல் துறைத் தலைமை பிறப்பிக்கும் மற்றொரு நிலையாணையாக இவை வரலாம்.